சர்க்கரை 340, ஆனால் வலி லேசாகத்தான் இருக்கிறது: பித்தப்பை ஆபரேஷனைத் தள்ளிப்போடலாமா?

வைகைக்கரை கேட்டது:

வணக்கம். அம்மாவுக்கு 61 வயது, எடை 68 கிலோ, 15 வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின் 1000 இரண்டு வேளை, கிளிமிப்ரைடு 2, டாபாகிளிஃப்ளோசின் 10 எடுக்கிறார். இரண்டு நாளாக வலது விலாவுக்குக் கீழே மந்தமாக இருக்கிறதாம், மூன்று முறை வாந்தி. வலிக்கிறதா என்று கேட்டால் "வலின்னு இல்ல, கல்லு வச்ச மாதிரி கனமா இருக்கு" என்கிறார். காய்ச்சல் 99.6. வழக்கமாக 180 பக்கம் இருக்கும் சர்க்கரை நேற்றிலிருந்து 340க்குக் கீழே வரவில்லை.

இன்று காலை எடுத்தவை: வெள்ளணு 16,800, பிலிருபின் 1.4, கிரியேட்டினின் 1.1, எச்பிஏ1சி 9.6. ஸ்கேனில் பித்தப்பை உப்பியிருக்கிறது, சுவர் 6 மி.மீ., அதன் கழுத்தில் 14 மி.மீ. கல் (புரண்டு படுத்தாலும் நகரவில்லை), சுற்றிலும் மெல்லிசாக நீர், பொதுப் பித்தநாளம் 5 மி.மீ. கடைசி வரி: "மர்ஃபி சைன் நெகட்டிவ்".

சர்ஜன் உடனே அட்மிட் ஆகச் சொல்கிறார், நாளைக்குள் எடுத்துவிடலாமாம். வீட்டில் பெரியவர்கள், "இவ்வளவு சர்க்கரையில் கத்தி வைத்தால் புண் ஆறாது. ஆன்டிபயாடிக் போட்டு, சர்க்கரையை இறக்கி, ஆறு வாரம் கழித்துப் பார்ப்போம்" என்கிறார்கள். வலி இவ்வளவு குறைவாக இருக்கும்போது இத்தனை அவசரம் எதற்கு? இந்தச் சர்க்கரையில் ஆபரேஷன் செய்யலாமா?


கத்திமுனை (பொது அறுவை சிகிச்சை) எழுதியது:

முதலில் அட்மிட் பண்ணுங்கள், மீதியை அங்கே உட்கார்ந்து படிக்கலாம்.

உள்ளே நடப்பது இதுதான். கழுத்தில் கல் அடைத்துக்கொண்டதால் பித்தம் வெளியேற வழியில்லை. பை உப்புகிறது, உள்ளழுத்தம் ஏறுகிறது. முதலில் சிரைகள் நசுங்கிச் சுவர் நீர்கோத்து வீங்கும், பிறகு தமனியும் நசுங்கும். பித்தப்பைக்கு இரத்தம் கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே ஒரு சிறு தமனி. அது அடைபட்டால் கைகொடுக்க வேறு கிளை கிடையாது. 15 வருடச் சர்க்கரையில் சிறு இரத்தக்குழாய்கள் ஏற்கெனவே குறுகியிருக்கும். அதனால்தான் மற்றவர்களுக்கு அழற்சியோடு நிற்கும் விஷயம் இவர்களுக்குச் சீக்கிரம் அழுகலில் முடிகிறது. அதற்கு மேல் குடல் கிருமிகளும் ஏறும்: ஈ-கோலை, கிளெப்சியெல்லா. சர்க்கரை ஏறிய இரத்தத்தில் வெள்ளணுக்கள் எண்ணிக்கையில் கூடினாலும் வேலை மந்தம்.

வலி ஏன் குறைவு? சர்க்கரை காலில் நரம்பைக் கெடுத்து மரத்துப்போகச் செய்வதை எல்லோரும் அறிவோம். வயிற்று உறுப்புகளின் தன்னியக்க நரம்புகளையும் அதே மாதிரிதான் கெடுக்கிறது. முள் குத்தினால் தெரியாத கால் மாதிரி, அழுகினாலும் கத்தாத பித்தப்பை. இன்னொன்றும் உண்டு: சுவர் அழுகத் தொடங்கினால் அங்குள்ள நரம்பும் செத்து வலி குறையும். பை ஓட்டையானால் அழுத்தம் இறங்கி ஓரிரு மணி நேரம் சுகமாகக்கூட இருக்கும். ஆகவே "வலி விட்டுவிட்டது, வீட்டுக்குப் போகலாம்" என்று அம்மா சொன்னால் சந்தோஷப்படாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை விஷயம். அந்த 340 பெரும்பாலும் மாத்திரை போதாமல் வந்ததல்ல. தொற்று வந்ததும் கார்டிசால், அட்ரீனலின் எல்லாம் ஏறி இன்சுலினை வேலை செய்ய விடாது. குழாய் உடைந்து வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது, தரையைத் துடைத்து முடித்தபிறகு குழாயை அடைக்கலாம் என்று யாராவது சொல்வார்களா? எச்பிஏ1சி 8க்குக் கீழே வரட்டும் என்பது குடலிறக்கம், மூட்டு மாற்று போன்ற, நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷன்களுக்கான கணக்கு. அது மூன்று மாதச் சராசரி. மூன்று மாதம் இந்தப் பை காத்திருக்காது. இப்போது வேண்டியது ஆபரேஷன் மேஜையில் இருக்கும் அந்தச் சில மணி நேரம் சர்க்கரை 180ஐத் தாண்டாமல் இருப்பது. இன்சுலின் டிரிப்பில் பெரும்பாலும் சில மணி நேரத்தில் கொண்டுவந்துவிடலாம்.

ஆறு வாரம் பொறுப்பது பழைய வழக்கம், பெரியவர்கள் ஒன்றும் காற்றில் பிடித்துச் சொல்லவில்லை. ஆனால் 2013இல் ஜெர்மனியிலிருந்து வெளியான 618 பேர் ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் எடுத்தவர்களில் 11.8 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது, ஆன்டிபயாடிக் கொடுத்துத் தள்ளிப்போட்டவர்களில் 34.4 சதவீதம். முதல் 72 மணி நேரத்தில் திசு நீர்கோத்து மெத்தென்று இருக்கும், பிரிப்பது எளிது. ஒரு வாரம், பத்து நாள் தாண்டினால் இறுகிக் கட்டைபோல் ஆகிவிடும். அப்போதுதான் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடும் ஆபத்து கூடும். உங்களுக்கு 48 மணி நேரம் ஓடிவிட்டது.


நிழல்படம் (ரேடியாலஜி):

அந்தக் கடைசி வரிக்கு ஒரு விளக்கம். மர்ஃபி சைன் என்பது ஸ்கேன் கருவியைப் பித்தப்பை மேலேயே வைத்து அழுத்தி, மூச்சை இழுக்கச் சொல்வது. சுருக்கென்று வலித்து மூச்சு நின்றால் பாசிட்டிவ். நாட்பட்ட சர்க்கரை, முன்னதாகப் போட்ட வலி ஊசி, அழுகிய சுவர், இந்த மூன்றிலும் நெகட்டிவ் வரும். அதை வைத்து அழற்சி இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. சுவர் 3 மி.மீ.க்கு மேல் போனாலே தடிப்பு. உங்கள் ரிப்போர்ட்டில் தடிப்பு, உப்பல், சிக்கிய கல், நீர் என்று நான்கும் சேர்ந்திருக்கின்றன.

சுவர் தடிப்பு மட்டும் இருந்தால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன். டெங்கு, கல்லீரல் அழற்சி, ஆல்புமின் குறைவு, இதயச் செயலிழப்பு எல்லாவற்றிலும் பித்தப்பைச் சுவர் தடிக்கும். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலோடு வருபவரின் சுவர் 8 மி.மீ. என்று பார்த்துவிட்டு ஆபரேஷனுக்கு ஓடுவது பெரிய தப்பு. ஆனால் டெங்குவில் வெள்ளணு இறங்கும், தட்டணுவும் இறங்கும். இங்கே 16,800.

கான்ட்ராஸ்ட் சி.டி. (இரத்தக்குழாயில் படத்தில் தெரியும் மருந்தை ஏற்றி எடுப்பது) எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தேடவேண்டியது இரண்டு. முதலாவது, சுவரில் மருந்து ஏறாத திட்டு, அதாவது இரத்தம் போகாத, அழுகத் தொடங்கிய இடம். இரண்டாவது, சுவருக்குள் காற்று. குளோஸ்ட்ரிடியம், ஈ-கோலை போன்ற கிருமிகள் சுவருக்குள்ளேயே வாயு உண்டாக்கும் அழற்சி வகை இது. எல்லோருக்கும் அரிது, ஆனால் வருபவர்களில் சர்க்கரைக்காரர்களே அதிகம். பல சமயம் கல்லே இல்லாமலும் வரும். சாதாரண ஸ்கேனில் அந்தக் காற்று குடல்வாயு மாதிரியோ சுண்ணாம்பு படிந்த சுவர் மாதிரியோ ஏமாற்றும், சி.டி.யில் தப்பாது. காற்று தெரிந்தால் நாளை என்ற பேச்சே இல்லை, இன்று இரவே.

சி.டி. ரிப்போர்ட்டில் "கல் தெரியவில்லை" என்று வந்தால் குழம்பாதீர்கள். கொழுப்புக் கற்கள் பல சி.டி.யில் பித்தத்தின் நிறத்திலேயே கரைந்து மறையும். கல்லுக்கு அல்ட்ராசவுண்டை நம்புங்கள், சுவருக்குச் சி.டி.யை.


சீனியில்லாக்காபி (சர்க்கரை நோய் மருத்துவம்):

மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததும் என் கண் டாபாகிளிஃப்ளோசினில் நின்றது. கடைசியாக எப்போது எடுத்தார் என்று மயக்க மருந்து டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். திட்டமிட்ட ஆபரேஷனுக்கு மூன்று நாள் முன்பே நிறுத்தவேண்டிய மாத்திரை அது (எம்பாகிளிஃப்ளோசினுக்கும் அதே கணக்கு). சிறுநீர் வழியாகச் சர்க்கரையைக் கொட்டிக்கொண்டே இருக்கும். சாப்பாடும் இல்லாமல், தொற்றும் சேர்ந்தால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் அமிலத்தில் போய் நிற்கும். விஷமம் என்னவென்றால் சர்க்கரை 200க்குள் இருக்கும்போதே இது நடக்கலாம். அறிகுறியும் வாந்தி, வயிற்று வலிதான், பித்தப்பையின் வேஷத்திலேயே வரும்.

இரத்தத்தில் கீட்டோன் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ப் பட்டை குறைத்துக் காட்டும், அதை மட்டும் நம்பவேண்டாம். 0.6க்குக் கீழே நிம்மதி. 1.5 வரை கவனித்து மறுபடி பார்க்கவேண்டும். 3க்கு மேல், பைகார்பனேட்டும் இறங்கியிருந்தால் முதலில் அதற்கு வைத்தியம். அவசர ஆபரேஷனுக்கு மூன்று நாள் காத்திருக்க முடியாது என்பதால், முன்னும் பின்னும் 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை கீட்டோன் பார்த்துக்கொண்டே செய்வார்கள்.

மற்ற மாத்திரைகள்: கிளிமிப்ரைடு வெறும் வயிற்றில் நடு இரவில் சர்க்கரையை 50க்குத் தள்ளிவிடும், நிறுத்தவேண்டும். மெட்ஃபார்மினும் வேண்டாம். தொற்று முற்றிச் சிறுநீரகம் சுணங்கினால் லாக்டிக் அமிலம் தேங்கும். எல்லாம் இன்சுலினுக்கு மாறும். வழக்கமான முறை: 50 மி.லி. சிரிஞ்சில் 50 யூனிட் ரெகுலர் இன்சுலின், மீதி சலைன், ஆக 1 மி.லி.க்கு 1 யூனிட். 340க்கு மணிக்கு 3 யூனிட் பக்கம் ஆரம்பித்து, மணிக்கொரு முறை விரல் குத்திப் பார்த்து, சர்க்கரையை 140-180க்குள் வைத்திருப்பது. கூடவே 5% டெக்ஸ்ட்ரோஸ், பொட்டாசியம் கவனிப்பு. இன்சுலின் பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ளிவிடும், வாந்தியில் ஏற்கெனவே போயிருக்கும். "சர்க்கரை ஏறும்போதெல்லாம் ஓர் ஊசி" என்று ஸ்லைடிங் ஸ்கேலை மட்டும் வைத்து ஓட்டும் பழக்கம் இன்னும் சில வார்டுகளில் இருக்கிறது. அது ஊஞ்சல் மாதிரி ஆடும், நல்லதல்ல.

கடைசியாக ஒன்று, இதைத்தான் முதலில் சொல்லியிருக்கவேண்டும்: இ.சி.ஜி. எடுத்தாகிவிட்டதா? சர்க்கரைக்காரருக்கு மேல்வயிற்றுக் கனமும் வாந்தியும் இதயத்தின் கீழ்ப்பகுதி அட்டாக்காகவும் இருக்கலாம், நெஞ்சு வலியே வராமல். ஸ்கேனில் கல் இருப்பதால் இதயம் சரி என்று ஆகிவிடாது. டிரோபோனினும் (இதயச் சேதத்தைக் காட்டுவது) லைபேஸும் (கணையத்தின் நொதி) ஒரே இரத்தத்தில் பார்த்துவிடலாம். லைபேஸ் இயல்பு உச்ச அளவைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தால் கணையத்தையும் யோசிக்கவேண்டும்.


வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. மதியமே அட்மிட் ஆகிவிட்டார். இ.சி.ஜி., டிரோபோனின், லைபேஸ் மூன்றும் சரி. கீட்டோன் 1.2. டாபாகிளிஃப்ளோசின் கடைசியாக இன்று காலை. சி.டி.யில் காற்று இல்லை, ஆனால் பையின் அடிப்பகுதிச் சுவரில் ஓரிடத்தில் மருந்து ஏறவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இன்சுலின் டிரிப் ஓடுகிறது, பைபராசிலின்-டாசோபாக்டம் என்ற ஆன்டிபயாடிக் 4.5 கிராம் ஆரம்பித்துவிட்டார்கள். காலையில் முதல் கேஸ்.

இன்னும் இரண்டு சந்தேகம். தோல் வழியாகக் குழாய் விட்டுப் பித்தத்தை வடித்துவிட்டால் ஆபரேஷனைத் தவிர்க்கலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இன்னொருவர் வாழைத்தண்டுச் சாறும் உர்சோ மாத்திரையும் போதும் என்கிறார்.


கத்திமுனை:

சி.டி.யில் அந்தத் திட்டு வந்தபிறகு பேச்சே இல்லை. குழாய் அழுத்தத்தை இறக்கும், சீழை வடிக்கும், செத்த சுவரை உயிர்ப்பிக்காது. மயக்க மருந்து தாங்காதவர்களுக்கு, இரத்த அழுத்தம் விழுந்து மருந்தில் நிற்பவர்களுக்கு அது உயிர் காக்கும் வழி. மேஜைக்குப் போகத் தகுதி உள்ளவர்களுக்கு அது குறுக்குவழி அல்ல. நெதர்லாந்தில் ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளிலேயே இரண்டையும் ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். ஆபரேஷன் செய்தவர்களில் பெரிய சிக்கல் 12 சதவீதம், குழாய் விட்டவர்களில் 65 சதவீதம். (மிக மோசமான நிலையில் இருந்தவர்களை அதில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.)

வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கு நம் ஊரில் சொல்வது. சிறுநீர் ஓடும் பாதை வேறு, பித்தம் ஓடும் பாதை வேறு, குடித்த சாறு பித்தப்பைக்குள் எட்டிப்பார்ப்பதே இல்லை. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சையும் குடித்தால் மலத்தில் பச்சைக் கற்கள் வரும் என்ற வீடியோவும் உங்களுக்கு வந்து சேரும், தயாராக இருங்கள். அவை எண்ணெய் குடலில் சோப்பாகத் திரண்ட உருண்டைகள். உர்சோ கரைக்கும், ஆனால் சுண்ணாம்பு ஏறாத சின்னக் கொழுப்புக் கல்லை, நன்றாகச் சுருங்கி விரியும் பித்தப்பையில், மாதக்கணக்கில். 14 மி.மீ. கல் வாயை அடைத்திருக்கும்போது மாத்திரை உள்ளே போக வழியே இல்லை.

கையெழுத்துப் போடும்முன் இதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். லேப்ராஸ்கோபியில் நான்கு துளை. சர்க்கரையும் அழுகலும் சேர்ந்தால் வயிற்றைத் திறக்கவேண்டி வரும் வாய்ப்பு கூடும், அது தோல்வி இல்லை. பித்தப்பை நாளமும் தமனியும் தனித்தனியாகத் தெளிவாகத் தெரியாவிட்டால், பையின் அடிக்கழுத்தைக் கொஞ்சம் விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுப்பார்கள். அதுவும் பாதுகாப்புக்காகவே.


புளியமரத்தடி கேட்டது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கும் சர்க்கரை, ஸ்கேனில் 9 மி.மீ. கல், தொல்லை எதுவும் இல்லை. மேலே படித்ததும் பயமாக இருக்கிறது. இப்போதே எடுத்துவிடலாமா? செமாகுளுடைட் ஊசி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.


சீனியில்லாக்காபி:

சர்க்கரை இருந்தால் சும்மா இருக்கும் கல்லையும் எடுத்துவிடு என்பது முந்தைய தலைமுறை அறிவுரை. இப்போது அப்படிச் செய்வதில்லை. சும்மா இருக்கும் கல் தொல்லை தரத் தொடங்குவது வருடத்துக்கு நூறில் ஓரிருவருக்குத்தான். 3 செ.மீ.க்கு மேற்பட்ட கல், 1 செ.மீ.க்கு மேற்பட்ட பாலிப் (சுவரில் முளைக்கும் சதை), சுண்ணாம்பு படிந்த சுவர் என்றால் கணக்கு மாறும். ஆனால் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் மேல்வயிறு பிடித்து, வலது தோள்பட்டை வரை ஓடி, சில மணி நேரத்தில் விட்டால் அது "கேஸ்" அல்ல, கல் பேசத் தொடங்கிவிட்டது. அப்போது சர்க்கரையைச் சீர்செய்து, நல்ல நாள் பார்த்து எடுத்துவிடுங்கள்.

செமாகுளுடைட், லிராகுளுடைட் வகை ஊசிகள் பித்தப்பைத் தொல்லையைக் கொஞ்சம் கூட்டும், எடை குறைப்புக்கான பெரிய அளவுகளில் இன்னும் கூடும். பை சுருங்குவது குறைகிறது, எடை வேகமாக இறங்கும்போது பித்தத்தில் கொழுப்பு சேர்கிறது. அதற்காக ஊசியே கூடாது என்றில்லை. கல் இருப்பதை டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மெதுவாக ஏற்றச் சொல்லுங்கள், எடை வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கவிடாதீர்கள். பட்டினி கிடந்து எடை குறைப்பது கல்லுக்குத் தீனி.


வார்டுமணி (செவிலியர், அறுவை சிகிச்சை வார்டு):

வைகைக்கரை, நாளைக்குப் பிறகான விஷயங்களை நான் சொல்கிறேன்.

பை வெளியே வந்ததும் சர்க்கரை இறங்கும், சில பேருக்கு அன்று இரவே. முந்தின நாள் மணிக்கு 4 யூனிட் வாங்கியவருக்கு 1 யூனிட் போதும் என்றாகிவிடும். அளவைக் குறைக்காமல் விட்டால் விடியற்காலையில் வியர்த்துக் கொட்டும், பிதற்றுவார். மயக்கம் தெளியாததுதான் என்று நினைத்துவிடுவார்கள், எனவே உடனே விரல் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

தோள்பட்டை வலி இரண்டு மூன்று நாள் இருக்கும். வயிற்றை உப்ப வைத்த கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, நடந்தால் குறையும். ஆனால் மூன்றாம் நாள் வலி குறையாமல் கூடுவது, வயிறு உப்பிக்கொண்டே போவது, கண் மஞ்சளாவது, நடுக்கத்தோடு காய்ச்சல், இவை பித்தம் கசிவதற்கோ நாளத்தில் கல் நழுவி நிற்பதற்கோ அடையாளம். கண் மஞ்சளைப் பார்த்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து நான்கு நாள் வீணாக்காதீர்கள். வடிகுழாய் வைத்திருந்தால் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பு நீர் சரி, கரும்பச்சையாகவோ தங்க மஞ்சளாகவோ மாறினால் சொல்லவேண்டும்.

சாப்பாடு: குமட்டல் இல்லையென்றால் மறுநாளே இட்லி, ரசம் சாதம். கஞ்சியில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ கலக்கவேண்டாம். இரண்டு வாரம் எண்ணெய், தேங்காய் கொஞ்சம் குறைவாக, பிறகு வழக்கப்படி. பித்தம் சுரப்பது கல்லீரல், பை வெறும் 50 மி.லி. பிடிக்கும் சேமிப்புக் கலம். சிலருக்கு முதல் சில வாரம் வயிறு இளகலாம்.

தொப்புள் துளைதான் சர்க்கரைக்காரர்களுக்குச் சீழ் வைக்கும் இடம். தினம் சோப்புத் தண்ணீரில் கழுவி, துடைத்து, உலர்வாக வைத்தால் போதும், மஞ்சள் பத்து வேண்டாம்.

டாபாகிளிஃப்ளோசினை டிஸ்சார்ஜ் சீட்டில் பழைய மாத்திரையோடு சேர்த்து எழுதிவிடுவார்கள், கவனியுங்கள். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியபிறகுதான், அதுவும் டாக்டரைக் கேட்டு. எடுத்த பித்தப்பையை பயாப்சிக்கு அனுப்பியிருப்பார்கள். அந்த ரிப்போர்ட் ஒரு வாரம் பத்து நாள் கழித்துத்தான் வரும், தையல் பிரிக்கப் போகும்போது கேட்டு வாங்கி, சர்ஜனிடம் காட்டிவிட்டு வாருங்கள். வாங்காமல் விட்ட ரிப்போர்ட்டுகள் லேபில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன.